கடைசி ஜன்னலும் சாம்பல் பூஞ்சையும்

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நலம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முதுகுவலி குறைந்ததா? பஸ் ஓட்டுகிறவருக்கு முதுகு வலிக்காமல் வேறென்ன வலிக்கும் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதே, டாக்டரிடம் கூட்டிப் போ.

போனில் பேசினால் என் வாயிலிருந்து ‘ம்’ தவிர ஒன்றும் வராது, அதனால் எழுதித் தொலை என்று சொன்னாய். எழுதுகிறேன்.

நீ இன்னும் பார்க்காத என் கண்ணாடிக் கொட்டகையில் ஸ்ட்ராபெரி பூத்துவிட்டது. வெளியே ஓயாத பனிமூட்டம். காலையில் உள்ளே போனால் கண்ணாடி முழுக்க வேர்த்திருக்கிறது. வெள்ளைக்குள் வெள்ளையாகப் பூக்கள், கிட்டப் போனால்தான் தெரிகின்றன. காலிப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கூரையிலிருந்து ஒரு சொட்டு விழும். சற்றுப் பொறுத்து இன்னொன்று. அந்த இரண்டு சொட்டுக்கும் நடுவில் நான் எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வந்துவிடுகிறேன். எங்கே போனேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

முதலில் காய்த்த பழங்கள் சிலவற்றில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி படர்ந்திருக்கிறது. சாம்பல் பூஞ்சை என்கிறார்கள். விரல் பட்டால் மெல்லிய புகையாக எழும்புகிறது. வெளிச்சத்தில் பார்க்க அழகாகக்கூட இருக்கிறது. கடைசி வரிசையில் சில செடிகளில்தான். பார்க்கலாம்.

அவளும் நலம். உங்கள் இருவரையும் மிகவும் விசாரித்தாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
தம்பி


ஜனவரி 19

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நாங்கள் இருவரும் சௌக்கியம். ‘வண்டியில ஏறி உக்காந்தா வலி போயிடுது, வீட்டுக்கு வந்தாதான் வலிக்குது’ என்கிறார் உன் மாமா. யாரைக் குத்துகிறார் என்று நான் கேட்கவில்லை. உனக்கு இந்தப் பனியில் சளி பிடிக்காமல் இருக்கிறதா?

சின்னவள், உன் மனைவியைத்தான் சொல்கிறேன், எங்களை விசாரித்தாள் என்று எழுதியிருந்தாய். ரொம்பச் சந்தோஷம். என்ன சொல்லி விசாரித்தாள் என்று எழுதவில்லையே. அடுத்த கடிதத்தில் அவள் கையாலேயே இரண்டு வரி எழுதச் சொல்.

இங்கே என் கடையில் வேலை மலையாகக் குவிந்து கிடக்கிறது. புதிதாகக் கட்டிய ஓட்டல் ஒன்றுக்கு எல்லா அறைக்கும் திரைச்சீலை தைக்கிறோம். நல்லவேளையாகக் கைக்கு உதவியாக ஒரு பெண் வந்து சேர்ந்தாள். வீட்டுப் பின்னறையில்தான் தங்குகிறாள். அதிகம் பேசமாட்டாள், ஆனால் நல்ல கை. ஒரே ஒரு விசித்திரம். தைத்து முடித்த திரையைப் புரட்டி, அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறாள். ‘அடிப்பக்கத்த யாரு பாக்கப் போறாங்க?’ என்றேன். ‘எந்தக் கோளாறும் அங்கதான் முதல்ல தெரியும்’ என்கிறாள்.

பூஞ்சைக்கு ‘பார்க்கலாம்’ என்று எழுதியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் உனக்குப் பார்க்கலாம் பண்டிதர் என்று பெயர் வைத்தது யார் என்று ஞாபகம் இருக்கிறதா? நான்தான். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சளி இல்லை. மாமாவின் முதுகுக்கு ஒரு மெத்தை வாங்கி வண்டி இருக்கையில் போடச் சொல்.

அவளுக்கு எழுத நேரமில்லை. கையெல்லாம் மண்ணாக இருக்கிறது.

பூஞ்சை இரண்டாவது வரிசைக்கும் வந்துவிட்டது. முந்தின நாள் பார்க்கும்போது பழம் சிவப்பாக, மினுமினுப்பாக இருக்கும். மறுநாள் அதன் மேல் சாம்பல் போர்வை. பழம் வாங்கிப் போகும் வண்டிக்காரர் கூடையை மோந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கீழே வைத்துவிட்டார். அவர் நல்ல மனிதர். திட்டியிருந்தால் தேவலை.

நேற்று மத்தியானம் பெட்டிமேல் உட்கார்ந்தபடியே கண் அயர்ந்துவிட்டேன். கொட்டகை மெதுவாக நகர்கிறது. மாமாதான் ஓட்டுகிறார். வரிசை வரிசையாகச் செடிகள் உட்கார்ந்திருக்கின்றன, நின்றுகொண்டும் வருகின்றன. அவ்வளவு நெரிசல். வெளியே ஊர் இல்லை, சாலை இல்லை, பால் மாதிரி வெளிச்சம் மட்டும். ‘ஜன்னலத் திறங்களேன், மூச்சு முட்டுது’ என்று பின்னால் யாரோ சொன்னார்கள். பெண் குரல். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன், கழுத்து திரும்பவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். விழித்தபோது சட்டையெல்லாம் ஈரம்.

மாமாவிடம் சொல், கனவிலும் பிரேக்கை அவர் அதிராமல்தான் பிடித்தார். நீ உன் கண்ணைப் பார்த்துக்கொள், விளக்கு வெளிச்சத்தில் தைக்காதே.

இப்படிக்கு,
தம்பி


பிப்ரவரி 16

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். நாங்கள் நலம். நீ நலமா என்று இந்தத் தடவை சும்மா பேச்சுக்குக் கேட்கவில்லை, உண்மையாகவே கேட்கிறேன்.

கடைக்கு வந்த பெண்ணுக்குச் செடி கொடி விஷயம் தெரியும் போலிருக்கிறது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஊசியைக் கீழே வைத்துவிட்டு முழுக்கக் கேட்டாள். பூஞ்சை பிடித்த பழத்தை அப்படியே பறிக்கக் கூடாதாம். ஒரு பையைப் பழத்தின் மேல் மாட்டி, வாயை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பறிக்க வேண்டுமாம். இல்லையென்றால் அந்தப் புகை பறந்து நல்ல பழத்தில் உட்கார்ந்துவிடுமாம். நீ அழகாக இருக்கிறது என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாயே, அந்தப் புகைதான் விதையாம். காய்ந்த இலை ஒன்றுகூடச் செடியில் இருக்கக் கூடாதாம். தண்ணீரைக் காலையில், வேருக்கு மட்டும் விட வேண்டுமாம். இதெல்லாம் சொல்லிவிட்டு, ‘சொன்னா செய்வாரா?’ என்று கேட்டாள். பதிலை நீயே எழுது.

இன்னொன்று. கையில் மண் இருந்தால் கழுவிவிட்டு எழுதலாம். சின்னவள் எங்கே? உண்மையைச் சொல்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்குக் கோபித்துக்கொள்ளாதே. எழுதி எழுதிக் கிழித்துப் போட்டேன்.

அவள் இங்கே இல்லை. வருஷம் பிறந்த கையோடு போய்விட்டாள்.

முதல் பழத்தைப் பார்த்தது அவள்தான். உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து காட்டினாள். ‘கடைசி வரிசையில நெருக்கம் ஜாஸ்தி. ஒண்ணு விட்டு ஒண்ணு பிடுங்கிடலாம், காத்து போகும்’ என்றாள். எல்லாம் பூத்து நிற்கிற செடி, எனக்கு மனசு வரவில்லை. பார்க்கலாம் என்றேன். மறுபடியும் ஒரு பழம் கொண்டுவந்தாள். பார்க்கலாம் என்றேன். அதற்கப்புறம் அவள் கத்தவில்லை, அழவில்லை. கையைக் கழுவினாள். ‘நான் சொன்னா உங்க காதுல ஏறாது. பூஞ்சையே வந்து சொல்லட்டும்’ என்றாள். பையை எடுத்துக்கொண்டு, ‘தேட வேண்டாம், நல்ல இடத்துலதான் இருப்பேன்’ என்று சொல்லிவிட்டுப் பனிக்குள் நடந்தாள். கொஞ்ச தூரத்தில் பனி அவளை மூடிவிட்டது. நான் கொட்டகை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு பழத்துக்காகவா வீட்டை விட்டுப் போவார்கள் என்று கேட்பாய். சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்றாலும் பார்க்கலாம். வெயில் வரும் அறைக்குக் கட்டிலை மாற்றலாமா என்றாலும் பார்க்கலாம். ‘அண்ணி வீட்டுக்கு ஒரு தடவை போயிட்டு வரலாமா’ என்று உன் வீட்டுக்கு வர ஒவ்வொரு வருஷமும் கேட்டாள். நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உனக்கே தெரியும்.

இந்தப் பூஞ்சை பழத்தில் தொற்றுவதைவிடப் பூவில்தான் அதிகம் தொற்றுகிறதாம் அக்கா. பூவோடு உள்ளே புகுந்து, பழம் சிவக்கும்வரை சத்தம் காட்டாமல் இருக்குமாம். எங்கள் வீட்டில் அது எந்தப் பூவில் புகுந்தது என்று பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். பழம் பாதிக்கு மேல் போய்விட்டது. அடுத்த பூவும் இப்படியே போனால் கொட்டகையை விட்டுவிட வேண்டியதுதான்.

அவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. மாமாவிடம் இதைச் சொல்லாதே, வருத்தப்படுவார்.

இப்படிக்கு,
தம்பி


மார்ச் 18

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். எங்கள் உடம்புக்குக் குறைவில்லை. மனசுதான் சரியில்லை.

தேட வேண்டாம் என்று ஒருத்தி சொன்னால் தேடாமலேயே இருந்துவிடுவாயா? மண்டு! தேடு என்று சொல்லியிருந்தாலும் பார்க்கலாம் என்றுதான் சொல்லியிருப்பாய். உன்னை எதிரில் வைத்துத் திட்டினால்தான் எனக்கு ஆறும். மாமா கடிதத்தைப் படித்துவிட்டார், மறைக்க முடியவில்லை. ‘அவன்கிட்ட நான் ஒரு வார்த்தை...’ என்று ஆரம்பித்தார். நான் ஒரு முறை முறைத்தேன், வாயை மூடிக்கொண்டு பஸ்ஸை எடுக்கப் போய்விட்டார்.

சரி, புலம்பினால் செடி பிழைக்காது. முதலில் காற்று. விடிந்ததும் எல்லா ஜன்னலையும் திற. கடைசி ஜன்னல் லேசில் திறக்காது. கீழ்மூலையில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தூக்கு. தூக்கினாலும் நிற்காது. பெட்டிகளுக்குப் பின்னால் பிடி உடைந்த கறுப்புக் குடை கிடக்கும், அதை முட்டுக் கொடு. நேராக வைத்தால் வழுக்கும், சாய்த்து வை. கடைசி வரிசைக்குக் காற்று வருவது அந்த ஒரு வழியாகத்தான்.

ஒழுங்காகச் சாப்பிடு. தாடி வளர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்காதே, உனக்கு அது பொருந்தாது.

இப்படிக்கு,
உன் அக்கா


மார்ச் 26

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். தாடியை எடுத்துவிட்டேன். உன் மனசு இப்போது தேவலையா?

நீ எழுதியபடியே உள்ளங்கையால் தட்டினேன். ஜன்னல் திறந்தது. குடை பெட்டிகளுக்குப் பின்னால்தான் கிடந்தது. ஜன்னல் சட்டத்தில் குடைக்கம்பி அழுந்தி அழுந்தி ஒரு பள்ளம் விழுந்திருக்கிறது. தினமும் யாராவது முட்டுக் கொடுத்தால்தான் மரத்தில் அப்படிப் பள்ளம் விழும். நான் தூங்கி எழுந்து போகும்போது அந்த ஜன்னல் எப்போதும் திறந்தேதான் இருக்கும். அது அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் போன நாளிலிருந்து அது மூடிக் கிடந்திருக்கிறது. அதன் அடியிலேயே உட்கார்ந்துகொண்டு சொட்டு விழுவதை ரசித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அக்கா, நீ இந்தக் கொட்டகையில் கால் வைத்ததே இல்லை. குடையைப் பற்றி நான் உனக்கு எழுதியதும் இல்லை, எனக்கே தெரியாது. ஆனால் நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. கேட்டால் நீ பொய் சொல்ல வேண்டிவரும். பொய் சொன்னால் உன் காது சிவந்துவிடும்.

உன் கடைக்கு வந்த பெண் சௌக்கியமா? நன்றாகச் சாப்பிடுகிறாளா? பின்னறையில் வெயில் வருமா?

அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டுச் சொல். கடைசி வரிசையில் ஒன்று விட்டு ஒன்று பிடுங்கிவிடட்டுமா? புதுப் பூ வர ஆரம்பித்திருக்கிறது. அவள் சொன்னால் செய்கிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். அவர் சொல்ல வந்த வார்த்தை எனக்குப் புரிந்துவிட்டது என்று சொல்.

இப்படிக்கு,
தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள தம்பிக்கு,

ஆசிகள். அனைவரும் நலம். எத்தனை பேர் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

ஆமாம், இங்கேதான் இருக்கிறாள். வாசலில் வந்து நின்றபோது முடியெல்லாம் பனி. ‘அண்ணி, அவர்கிட்ட சொல்லிடாதீங்க’ என்றாள். தம்பியா, தம்பி பெண்டாட்டியா என்று நான் யோசித்துப் பார்க்கவில்லை. உள்ளே வா என்றேன். உனக்கு நான் செய்தது துரோகம் என்றால் செய்துவிட்டுப் போகிறேன். அந்த ஜன்னல் விஷயத்தை அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள், நானும் என் பாட்டுக்கு எழுதிக்கொண்டே போனேன். தபாலில் போட்ட பிறகு மாமாதான் தலையில் அடித்துக்கொண்டார்.

பின்னறையில் வெயில் வரும். மத்தியானத்தில் ஜன்னலோரம் துணியை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை நின்றுவிடும். எங்கே போனாள் என்று தெரியாது. கூப்பிட்டால், ‘கொட்டகைக்குப் போயிட்டு வந்தேன்’ என்பாள். நீயும் பெட்டிமேல் உட்கார்ந்து எங்கேயோ போகிறாய். இரண்டு பேரும் வழியில் பார்த்துக்கொள்ளவே இல்லையா?

நீ கேட்டதை அவளிடம் படித்துக் காட்டினேன். ‘பிடுங்கட்டுமா’ என்ற இடம் வந்ததும் எழுந்துவிட்டாள். ‘அத நான் சொல்ல மாட்டேன் அண்ணி. இத்தன நாளு நான் சொன்னேன். இப்பவும் நானே சொன்னா, அது நான் பிடுங்கினதுதானே?’ என்றாள்.

கூட்டிப் போகிறேன் என்று கிளம்பி வந்துவிடாதே. நீ வந்தால் பாவம் பார்த்து அவள் கிளம்பிவிடுவாள், இரண்டு மாதத்தில் திரும்ப என் வாசலில் நிற்பாள். எனக்கு அவளை அனுப்பவே மனசில்லை என்பது வேறு விஷயம். இந்த வீட்டில் மாமாவின் குறட்டையைத் தவிர இப்போதுதான் வேறு சத்தம் கேட்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அக்கா


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே மூன்று பேரும் நலமாக இருக்க வேண்டும்.

பிடுங்கிவிட்டேன். உன் கடிதம் வந்து வெகுநாள் பெட்டிமேலேயே உட்கார்ந்திருந்தேன், அதை மறைக்கவில்லை. ஒரு காலையில் கடைசி ஜன்னலைத் திறந்து குடையைச் சாய்த்து வைத்தேன். முதல் வரிசையில் இலைகள் லேசாக அசைந்தன. கடைசி வரிசையில், ஜன்னலுக்குப் பக்கத்திலேயே இருந்தும், ஒரு இலைகூட அசையவில்லை. அவ்வளவு நெருக்கமாக நட்டிருக்கிறேன், ஒரு நாற்றைக்கூடத் தூக்கிப் போட மனமில்லாமல். அங்கேயே மண்டியிட்டு ஆரம்பித்தேன். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று யாரையும் கேட்கவில்லை. பூவோடு இருந்ததையும் பிடுங்கினேன். சில இடத்தில் தப்பாகக்கூடப் பிடுங்கியிருப்பேன். மற்றதில் பழுத்த இலை, பூஞ்சை பிடித்த காய் எல்லாவற்றையும் பையை மாட்டி மாட்டி எடுத்தேன். சாயங்காலம் பார்த்தபோது வரிசை பல் விழுந்த வாய் மாதிரி இருந்தது. அழுதுவிட்டேன்.

அடுத்த நாள் காற்று வந்தது. கடைசி வரிசை அசைந்தது. மிச்சம் விட்ட செடிகளில் அந்தப் புதுப் பூ காய்த்து, இப்போது பழுக்கத் தொடங்கியிருக்கிறது. ஒன்றைப் பறித்துப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. வண்டிக்காரர் ஒரு கூடை எடுத்துப் போனார்.

கட்டிலை வெயில் அறைக்கு மாற்றிவிட்டேன். குழாயையும் சரிசெய்தேன். முன்பு வாயில் சொட்டியது, இப்போது கழுத்தில் சொட்டுகிறது.

அந்தக் கனவு மறுபடி வந்தது. இந்தத் தடவை கழுத்து திரும்பியது. பின் இருக்கையில் யாரும் இல்லை, ஜன்னல் மட்டும் திறந்திருந்தது. வெளிச்சம் உள்ளே வந்துகொண்டிருந்தது. நான் மாமாவிடம் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.

அவளிடம் வாயால் சொல்லியிருந்தால் ‘ம்’ என்றுதான் வந்திருக்கும். எழுதுகிறேன். அவள் வர வேண்டும். எனக்கு அவள் வேண்டும். வராவிட்டாலும் ஜன்னலை நான் தினமும் திறப்பேன்.

இப்படிக்கு,
தம்பி


மே 2

என்னங்க,

நான் நலம். அண்ணியும் அண்ணனும் நலம். நீங்கள் நலமா என்று கேட்டு எழுதுவதுதான் முறை. நான் கேட்கவில்லை, நேரில் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

ஓட்டலுக்கான கடைசித் திரைச்சீலையை நேற்றுத் தைத்து முடித்தேன். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டே அதை மடித்தார். ‘நூல் தூசி கண்ணுல விழுந்துடுச்சு’ என்கிறார். காது சிவந்திருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை நாம் இருவரும் இங்கே வருவதாக அவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை.

பிடுங்கிய செடிகளைக் கொட்டகைக்குப் பக்கத்திலேயே குவித்து வைத்திருப்பீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு? இந்தக் கடிதம் கிடைத்ததும் தூரமாகக் கொண்டுபோய்ப் புதைத்துவிடுங்கள். குழாயை மேற்கொண்டு தொட வேண்டாம். பூவோடு இருந்ததையும் பிடுங்கினேன் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை மட்டும் அண்ணியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். அந்த நேரத்துக்கு நீங்கள் கடைசி ஜன்னலுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். தெருமுனையிலிருந்தே அது தெரியும், பார்த்துக்கொண்டேதான் நடந்து வருவேன்.

வந்ததும் வராததுமாக, இனிமேல் இங்கேயே இருப்பாயா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

பார்க்கலாம்.

இப்படிக்கு,
கடைக்கு உதவியாக வந்த பெண்